நெஞ்சு பெல்ட் மட்டும் விற்பனைக்கு இல்லை

தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, கீழ எறங்கி வர முடியாதுன்னு போன்லயே சொல்லிட்டேன்ல. லிஃப்ட்டு ரிப்பேராகி எத்தனையோ நாளாச்சு, கேக்க நாதியில்லை. உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க. அட, எப்படி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது! கிண்டல் பண்ணலை. எங்க கதையும் இதே படிக்கட்டுலதான் ஆரம்பிச்சுது, அதனால சொன்னேன்.

இதோ, சுவத்துல சாஞ்சு நிக்குதே, சாம்பல் கலரு, அதான் நீங்க கேட்ட சைக்கிள். என்னோடது. உங்க வீட்டம்மாவுக்குத்தானே? என் உயரம் இருப்பாங்களா? அப்ப சீட்டை ஏத்தவும் வேண்டாம், எறக்கவும் வேண்டாம். செயினுக்குப் போன வாரம்தான் எண்ணெய் விட்டேன். ஓட்டி ரொம்ப நாளாச்சு, ஆனா துருப்பிடிக்க விடலை.

அந்தக் கறுப்பா? பால்கனியில நிக்கிறது? அது அவரோடது. விக்கிறதுக்கில்லை. முன் சக்கரம் எப்படிக் கோணிக் கெடக்கு பாத்தீங்கள்ல, அதை யாரு வாங்குவா.

ஆமா, பையில ஹெல்மெட் இருக்கு, கையுறை, நீச்சல் கண்ணாடி, காத்தடிக்கிற பம்பு, எல்லாம் எடுத்துக்கோங்க. வாட்சும் நெஞ்சு பெல்ட்டுமா? இல்லை தம்பி, அது மட்டும் குடுக்க முடியாது. விளம்பரத்துலயும் போடலையே. ஒரு ஜோடி இருந்துச்சு. ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டேன். இன்னொண்ணு வேலையில இருக்கு.

ஐயோ, எனக்கு அவசரமெல்லாம் இல்லை. வாட்சைப் பாத்தா உங்களைப் போகச் சொல்றேன்னு அர்த்தமில்லை, அது பழகிப்போச்சு. உக்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தா செய்யப் போறீங்க? நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூணையும் ஒரே மூச்சுல? ம்ம். அப்ப உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அதைக் கேக்காம இந்த சைக்கிளை வாசலைத் தாண்ட விடமாட்டேன். பயப்படாதீங்க, பிரசங்கம் பண்ணலை. வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன சாமானைப் பத்தின விஷயம், ஆனா முழுசாக் கேட்டாத்தான் புரியும்.

எங்க வீட்டுக்காரரு ட்ரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கிறவரு. பக்கத்து சீட்டு, காலுக்கடியில தனியா ஒரு பிரேக்கு, நாள் பூரா அதே பொழப்பு. வர்றவன் எல்லாம் வேகமா மிதிக்க, இவரு பிரேக்கை மிதிக்க. டிவியில கார் வந்தாக்கூட அவரு கால் தானா அமுங்கும். சிரிக்காதீங்க, நெஜம்தான். எனக்குப் புகார் கேக்குற வேலை. ஃபிரிட்ஜு கூலாகலை, வாஷிங் மெஷின் குதிக்குதுன்னு ஊர்ல உள்ள அத்தனை பேரும் போன்ல திட்டுவாங்க, நான் சரிங்க சார், மன்னிச்சுக்கோங்க மேடம்னு கேட்டுக்குவேன். பகல் பூரா அடக்கி வெச்சதை எல்லாம் வீட்டுக்கு வந்து கொட்டுவேன். நான் பேசுவேன், அவரு கேப்பாரு. எனக்கு அவரு வெச்ச பேரே புகாரு. புகாரு, என் சாவி எங்க? புகாரு, டீ ஆறுது. இப்படித்தான்.

ரெண்டும் உக்காந்தே சம்பாதிச்ச உடம்பு. ஒரு நாள் இதே லிஃப்ட்டு நின்னு போச்சு. ரெண்டாவது மாடியில அவரு உக்காந்துட்டாரு, மூணாவதுல நான். மேல் வீட்டுப் பெரியவரு, இடுப்புல பேரனை வெச்சுக்கிட்டு எங்களைத் தாண்டி ஏறிப் போறாரு. போகும்போது ஒரு பார்வை பாத்தாரு பாருங்க! அந்தப் பார்வைதான் எங்களை ஜிம்முல கொண்டு போய்ச் சேத்துது.

மொதல்ல ஜிம்மு, அப்புறம் சைக்கிள், அப்புறம் நீங்க போற மாதிரியே மூணும் சேர்ந்த போட்டிக்குப் பேரு குடுத்தோம். நீச்சல்தான் பெரும்பாடு. தண்ணிக்குள்ள மூஞ்சி வைக்கிறதுன்னா அவருக்கு உசுரு போகும். நீச்சல் குளத்துல ஓரக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் காலை மட்டும் ஒதைப்பாரு. பக்கத்துலயே பள்ளிக்கூடப் பிள்ளைங்க சர்ரு சர்ருன்னு போகும். மனுஷனுக்கு ரோஷம் வந்துருச்சு. வீட்டுல வாளி நெறையத் தண்ணி வெச்சு, குனிஞ்சு மூஞ்சிய முக்கிப் பழகினாரு. நான் முதுகுல கையை வெச்சுக்கிட்டு நிப்பேன். நிமிரும்போது மூக்குல தண்ணி ஒழுக, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன்டி, நீதான் கையை எடுத்துட்டேம்பாரு. கையை எடுத்திருக்கவே மாட்டேன்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கம். போனா சேர்ந்து போறது, இல்லைன்னா போகவே போறதில்லை. எனக்கு லீவு கெடைக்கலைன்னா அவரும் வீட்டுல உக்காந்துக்குவாரு. ஜிம்முல பக்கத்துப் பக்கத்து சைக்கிள் காலியாகுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்போம். பயிற்சி குடுக்கிற பையன் தலையில அடிச்சுக்குவான். புதுசாக் கல்யாணம் ஆனவங்களா நீங்கன்னு கேப்பான். வெக்கத்தை விட்டுச் சொல்றேன் தம்பி, கல்யாணமான புதுசுலகூட நாங்க அவ்வளவு சந்தோஷமா இல்லை.

அப்பதான் இந்த பெல்ட்டு வாங்கினோம். பழைய மாடல். வாட்சை மட்டும் கட்டினா வெறும் மணிதான் காட்டும். நெஞ்சுல பெல்ட்டையும் கட்டினாத்தான் துடிப்பு எவ்வளவுன்னு காட்டும். பெல்ட்டு நடுவுல பொத்தான் மாதிரி ஒண்ணு மாட்டணும். நெஞ்சைக் கேட்டு வாட்சுக்குச் சொல்றது அதுதான். எந்தப் பொத்தான் எந்த வாட்சுக்குன்னு ஆரம்பத்துலயே ஜோடி சேத்திருவாங்க. ரெண்டும் ஒரே மாதிரி கறுப்பு. மாறிடக் கூடாதேன்னு என் பெல்ட்டு ஓரத்துல நகப்பூச்சுல ஒரு பொட்டு வெச்சேன். பெல்ட்டுல வெச்சேன், பொத்தான்ல வைக்கலை. புத்தி அவ்வளவுதான் வேலை செஞ்சுது.

ஆமா, கண்டுபிடிச்சுட்டீங்க. பேட்டரி மாத்தும்போதுதான் பொத்தான் மாறிப்போச்சு. சாப்பாட்டு மேசையில பேப்பரை விரிச்சு, ரெண்டையும் கழட்டிப் போட்டு, அவரு கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருக்காரு, நான் யாரோ என்னைத் திட்டின கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாலு கையும் அந்த மேசையில. யாரு எதை எதுல மாட்டினோம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் அவரு நெஞ்சு அடிக்கிறது என் கையில விழுது, என்னோடது அவரு கையில. பக்கத்துப் பக்கத்துல மிதிக்கிறோமா, ரெண்டு வாட்சும் ஜோரா வேலை செய்யுது. யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரே ஒரு நாள் சண்டை போட்டுக்கிட்டுத் தனித்தனியாப் போயிருந்தாப் போதும் தம்பி. ரெண்டு வாட்சும் வெறுமையா நின்னிருக்கும், என்னடா இதுன்னு பாத்திருப்போம். நாங்க போகலையே. ஊர்ல எல்லாப் புருஷன் பொண்டாட்டியும் சண்டை போடுறாங்க, எங்களுக்கு அந்த ஒரு மாசம் ஒரு சண்டை வரலை.

எனக்கு மூச்சே வாங்கலை, ஆனா என் வாட்சு எகிறுது. திடீர்னு ஏறும், சடார்னு விழும், மறுபடி ஏறும். அவரு பக்கத்துல வேர்த்து விறுவிறுத்து மிதிக்கிறாரு, அவரு வாட்சுல அழகா, சீரா ஓடுது. ஜிம்முப் பையன் அதைப் பாத்துட்டு, சார், உங்களுக்கு இருபது வயசுக்காரன் நெஞ்சுன்னு தட்டிக் குடுத்தான். அந்தப் பாராட்டு எனக்கு வர வேண்டியது. அவருக்குத் தோள் வலிச்சுது, கை கனத்துது, படியேறினா நின்னு நின்னு வந்தாரு. கேட்டா, நெஞ்சு நல்லாத்தானே இருக்கு, எனக்குச் சோம்பேறித்தனம், இன்னும் அழுத்தி மிதிக்கணும்னு சொன்னாரு. ரெண்டு பேருமே உடம்பு சொன்னதைக் கேக்கலை, வாட்சு சொன்னதைத்தான் கேட்டோம்.

பயந்தாரு பாருங்க, எனக்காக. என் வாட்சைப் பாத்துப் பாத்து மூஞ்சி வெளுத்துப் போச்சு அவருக்கு. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருக்கு, என்னைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போனாரு. எனக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இருந்தாலும் இந்தத் தடவை போட்டி வேண்டாமே, ஓய்வா இருங்கன்னாரு டாக்டரு. வெளிய வந்து இவரு என் கையை விடவே இல்லை. ரோட்டுல நின்னு அழுதாரு தம்பி. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்னு. அவரு நெஞ்சை என் கையில கட்டிக்கிட்டு நான் அவருக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு நின்னேன்.

இல்லை, அவரையும் பாத்திருக்கலாம்தான். அதே அறையில, பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தாரு. யாருக்கும் தோணலை.

நீங்களும் போகாதீங்கன்னேன். நீ போகலைன்னா நானாவது ரெண்டு பேருக்கும் சேத்து முடிச்சுட்டு வரணும்டின்னாரு. கடைசி வாரம் எல்லாரும் சும்மா படுத்துக் கெடக்கிற வாரம், அதனால பெல்ட்டைத் தொடலை. போட்டி அன்னிக்கு, என்னைக் கரையில விட்டுட்டு உள்ள போனப்புறம்தான் எடுத்துக் கட்டினாரு. நான் வேடிக்கை பாக்கப் போனவ, கை சும்மா இருக்கேன்னு என் வாட்சை மணி பாக்கக் கட்டியிருந்தேன்.

ஏரிக்கரையில கூட்டம். ஒவ்வொருத்தரா நீந்திக் கரையேறி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஓடுறாங்க. இவரு எப்ப வருவாரோன்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். வந்தாரு. வாளித் தண்ணிக்குப் பயந்த மனுஷன், ஏரியைத் தாண்டி வந்துட்டாரு. என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சிரிக்கிறாரு. கயித்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவரு, இதோ, நீங்க உக்காந்திருக்கிற தூரம்தான். அப்ப என் கையில வாட்சு டிக்குனு ஒரு சத்தம் போட்டுது.

குனிஞ்சு பாக்குறேன். துடிப்பு ஓடுது. என் நெஞ்சுல பெல்ட்டே இல்லை தம்பி. ஆனா ஏறுது, விழுது, ஏறுது, அதே ஆட்டம்.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேக்காதீங்க. எனக்குப் புரியறதுக்குள்ள அவரு சைக்கிள்ல கையை வெச்சுட்டாரு. நில்லுங்க, நில்லுங்கன்னு கத்தினேன். கரையில எல்லாரும் அவங்கவங்க ஆளைப் பாத்துக் கத்துறாங்க, கைதட்டுறாங்க, அதுல என் கத்தலும் ஒண்ணு. கயித்துக்கடியில குனிஞ்சு உள்ள போனேன், அங்க நின்ன ஆளு தோளைப் புடிச்சு, அம்மா, வெளிய நின்னு உற்சாகப்படுத்துங்கன்னு பின்னால தள்ளினாரு. இவரு திரும்பிப் பாத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு. ஏறி மிதிச்சாரு, தன் வாட்சு வெறுமையா இருக்கிறதைப் பாக்கவே இல்லை. தூரம் போகப் போக என் கையில நம்பரு காணாமப் போச்சு. வெறும் கோடு. பெல்ட்டு தூரமாப் போனா அப்படித்தான் காட்டும், தெரியும் எனக்கு. ஆனா அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டு அந்த ரோட்டுல நான் செருப்பில்லாம ஓடினேன் பாருங்க.

மொதல் திருப்பத்துலயே விழுந்து கெடந்தாரு. சக்கரம்தான் பாத்தீங்களே.

அழாதீங்க. நீங்க எதுக்கு அழுறீங்க, சின்னப் பிள்ளை மாதிரி. உங்களை அழ வைக்கவா இதைச் சொன்னேன்? சொல்ல வந்தது இவ்வளவுதான்: சேர்ந்தே போங்க, சேர்ந்தே வாங்க, அதை விட்டுராதீங்க. ஆனா பெல்ட்டு வாங்கினா பொத்தான்ல பேரு எழுதுங்க. பட்டையில இல்லை, பொத்தான்ல. வாரத்துல ஒரு நாளாவது ஆளுக்கொரு தெருவுல போங்க. உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லுங்க, கீழ வெயில்ல நிக்க வெச்சுட்டு வந்துட்டீங்களே அவங்களை. சிரிச்சுக்கிட்டே கையாட்டினாங்க, ஜன்னல்லேந்து பாத்தேன்.

சைக்கிளை ஏன் குடுக்குறேன்னா, இடம்தான் பிரச்சனை. இந்த மூலையில சக்கர நாற்காலி திரும்ப மாட்டேங்குது. அவரை ஹாலுக்குக் கொண்டு வரணும்னா தூக்கித் தூக்கித் திருப்ப வேண்டியிருக்கு.

ஆமா, உள்ள ரூம்லதான் இருக்காரு. நான் செத்துட்டாருன்னு எப்பச் சொன்னேன்? நெஞ்சைத் திருப்பி ஓட வெச்சுட்டாங்க, மத்தது திரும்பலை. கண்ணு முழிச்சிருப்பாரு, பாக்குறாரான்னு தெரியாது. நான் பேசுவேன், அவரு கேப்பாரு, அதுல மட்டும் மாத்தம் இல்லை. பெல்ட்டை அவருக்குத்தான் கட்டியிருக்கேன். அதெல்லாம் தேவையில்லைம்மான்னு டாக்டரு சொல்றாரு, சொல்லட்டும். பொத்தானை நான் மாத்தலை, இன்னமும் என் வாட்சுலதான் விழுது. சமையக்கட்டு வரைக்கும் வருது, பாத்ரூம் வரைக்கும் வருது. வாசக்கதவைத் தாண்டி ரெண்டு படி எறங்கினா கோடு போட்டுருது. அதான் கீழ வர முடியாதுன்னு சொன்னேன். நீங்க பாத்து எறக்குங்க தம்பி, திருப்பத்துல ஹேண்டில் சுவத்துல இடிக்கும்.