முத்திருளாயி வயல்

கண்மாய் நெறஞ்சு மிச்சத் தண்ணி இந்தக் கலிங்குல குதிக்கிறத வாயப் பொளந்து பாக்குறீகளே, இது ஆரு வயலு தெரியுமா? ஆமா, வயலுதான்! கேளுங்க.

உங்க பூட்டனுக்குப் பூட்டன் பொறக்காத காலம். நம்ம நொச்சியேந்தல்ல கண்மாய் இருந்துச்சாம், கலிங்கு இல்லையாம். வருசா வருசம் கண்மாய் நெறையுமாம், வருசா வருசம் கரை ஒடையுமாம். ஒடஞ்சா என்ன செய்வாக? இன்னும் ஒசத்திக் கட்டுவாக! மறுபடி ஒடையும், மறுபடி ஒசத்துவாக. கெட்டிக்காரப் பயக!

கரைக்கு மண்ணு சொமந்தவ முத்திருளாயி. புருசன் இல்ல. ரெண்டு பொட்டப்புள்ளைக, ஒத்த வயலு. அவ ஊர்த்தலைவரு அம்பலத்துக்கிட்டப் போயிச் சொன்னாளாம்: "அய்யா, ஒசத்துனது போதும். வடகோடிப் பாறையில தண்ணி போக ஒரு வழி விடுங்க. பாறை அரிக்காது."

அம்பலத்துக்கு வந்துச்சே கோவம்! "வந்த தண்ணிய வெளிய விடுறதா? கூறு இருக்கா ஒனக்கு? விட்டா மொதல்ல ஒன் வயலுதான் போகும், தெரியும்ல?"

தெரியும். பாறைக்குக் கீழ இருந்தது அவ வயலுதான்.

அந்தக் கார்த்திகையில அடிச்சுச்சு பாருங்க மழை! மூணு நாளு விடாம அடிச்சுச்சாம். தண்ணி கரை விளிம்புக்கு வந்துருச்சு. ஊரே கூடை கூடையா மண்ணக் கொட்டுது, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு!

அவ வயல்ல பயிரு பால் புடிச்சு நிக்குது. இன்னும் ஒரு மாசம் போனா புள்ளைகளுக்கு வருசம் பூராக் கஞ்சி. பாத்தாளாம், அழுதாளாம். அழுதுக்கிட்டே மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுனாளாம். பாறை மேல இருந்த கரைய வெட்டுனா, வெட்டுனா, வெட்டிக்கிட்டே இருந்தா!

"ஏய், புடிங்கடா அவள!"ன்னு அம்பலம் ஓடியாந்தாராம். அதுக்குள்ள தண்ணி ஹோன்னு எறங்கிருச்சு! கண்ணு முன்னாலயே அவ வயலு மறஞ்சு போச்சு. கரையில பாத்தா, ஏறுன தண்ணி ஒரு சாண் எறங்கி நிக்குது!

அம்பலம் எறங்குன தண்ணியப் பாத்தாராம். அப்புறம் அவ கையில இருந்த மம்பட்டிய வாங்கி, தானே வெட்டுனாராம். "அகலமா வெட்டுங்கடா! எல்லாரும் வாங்கடா!"

அந்த வருசம் ஊரே முழு வெள்ளாமை அறுத்துச்சு. வெட்டுன எடத்துல கல்லப் பாவி இந்தக் கலிங்கக் கட்டுனாக. பெறகு கரை ஒடையவே இல்ல. அவ வயல்ல ஒரு நாத்து நட்டதும் இல்ல.

அறுப்புல மொதக் கட்டு அவ வம்சத்து வீட்டு வாசலுக்குப் போகுதுல்ல? ஆரு வயல்ல அறுத்தாலும், என்ன சொல்லி எறக்குறோம்?

"முத்திருளாயி வயல்ல வெளஞ்சது!"

இன்னும் சத்தமாச் சொல்லுங்கப்பா, இந்தத் தண்ணிச் சத்தத்தையும் மீறிக் கேக்கணும்!