‘நிறத்தரம்’ எனும் சொல்லை முன்னிட்டு இராசமணி அம்மையாருக்கு

ஹட்டன் மலைச்சாரல் ஒளிக்கலைப் பயிற்சி நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் படத்தொகுப்புப் போதனாசிரியராகப் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் திருமதி இராசமணி ஆரூரன் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய மூவர் வாசித்தளிக்கும் மடல்.

கலைச்சொல் கண்ட கண்ணியமே! காட்சியைக் கத்தரித்துக் கதையைக் காத்த கைத்திறனே! யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்து, இந்த மலைக்குளிரில் இரண்டு கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி, எங்களோடு இருந்தும் இருமியும் இளைத்தும் போன எங்கள் டீச்சரே! வணக்கம்.

‘களைப்பறியாக் கர்மயோகியே’ என்றுதான் இம்மடலின் முதல் வரியை எழுதியிருந்தேன். எழுதுபவள் பூரணி, ஒலிப் பிரிவின் போதனாசிரியை. கருவிக்கூடப் பொறுப்பாளர் பைஸர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். “இது பொய்தானே பூரணி டீச்சர்? அவங்க மேசையில தலைய வச்சுப் படுத்துக் கிடந்தத நாம எத்தன தடவ பாத்திருக்கோம்?” என்றார். வரியை எடுத்துவிட்டேன். தாங்கள் களைத்தீர்கள் அம்மா. வகுப்பால் களைத்தீர்கள், கூட்டத்தால் களைத்தீர்கள், கொழும்பிலிருந்து வந்த கடிதங்களால் களைத்தீர்கள். அந்தக் களைப்போடுதான் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தீர்கள்.

தாங்கள் வந்தபோது எங்கள் பிள்ளைகள் பாடத்தைத் தமிழில் கேட்டு, கணினியை ஆங்கிலத்தில் அழுத்தி, பரீட்சையைச் சிங்களத்தில் எழுதினார்கள். பாதி வினாக்களை ஊகித்தே எழுதினார்கள். அதைத் தாங்கமாட்டாமல் தாங்கள் தொடங்கியதே கலைச்சொல் பட்டியல். வெள்ளிதோறும் பிற்பகல் இரண்டு மணி, தொகுப்பறை, ஆறிய தேநீர், நாங்கள் நால்வர். பைஸர், படத்தொகுப்பு உதவியாளர் அழகுமுத்து, நான், தாங்கள். பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு சொற்கள்!

எல்லாமே பொன் என்று பொய் சொல்லமாட்டோம். கமராவிலிருந்து அப்படியே வரும் கோப்புக்குப் ‘பச்சைக் கோப்பு’ எனப் பெயரிட்டோம். பிள்ளைகள் கணினி முழுதும் பச்சை நிறத்தில் ஒரு கோப்பைத் தேடினார்கள். ரெண்டர் என்பதற்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் மோதி ‘முழுவடிவாக்கம்’ கண்டோம். திங்கட்கிழமை காலையில் தாங்களே அழகுமுத்துவிடம், “தம்பி, ரெண்டர் போட்டாச்சோ?” என்று கேட்டீர்கள். அன்று நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம், தாங்களும் சிரித்தீர்கள். ஆயினும் அந்தப் பட்டியலைப் பார்த்தே பரீட்சைச் சபை இறங்கி வந்தது. சென்ற ஆண்டு முதன்முறையாக எங்கள் பிள்ளைகளின் கைக்குத் தமிழ் வினாத்தாள் வந்தது. அந்தப் பெருமை முழுவதும் தங்களுடையது.

அந்த வினாத்தாளின் நான்காம் வினா, கட்டாய வினா, இப்படி இருந்தது: “தரப்பட்ட பன்னிரண்டு காட்சித் துண்டுகளையும் நிறத்தரம் பிரிக்குக.” வகுப்பில் நாம் ‘கலர் பண்றது’ என்று சொல்லும் வேலைதான் அது. ஒரு துண்டு பனிமூட்டத்தில் எடுத்தது, இன்னொன்று வெயிலில் எடுத்தது. பார்ப்பவர் கண் இடறாதபடி எல்லாவற்றையும் ஒரே நிறச் சாயலுக்குக் கொண்டுவர வேண்டும். கலர் கிரேடிங் என்பதற்கு நம் பட்டியல் தந்த சொல் ‘நிறத்தரம் பிரித்தல்’. பட்டியல் அச்சாகிப் பிள்ளைகள் கைக்கு வந்தது பரீட்சைக்கு ஒன்பது நாள் முன்பு. அதை யார் படித்தார்கள்?

நம் பிள்ளைகள் பதினான்கு பேரும் பன்னிரண்டு துண்டுகளையும் நிறம் பார்த்து மூன்று கூறாக்கி வைத்தார்கள். பிரகாசமானவை முதல் தரம், மங்கியவை இரண்டாம் தரம், இருண்டவை தூள். வெளியே வந்த ஒரு பிள்ளை தங்களிடம் சந்தோஷமாகச் சொன்னாள்: “லேசான கேள்வி டீச்சர். எங்கம்மா தேயிலை ஸ்டோர்ல தெனமும் செய்ற வேலதான. நல்லதெல்லாம் ஒண்ணா வச்சேன், மட்டமானத தூள்னு தனியா வச்சிட்டேன்.” தாங்கள் அவள் தோளைத் தட்டிவிட்டு, தொகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். பதினான்கு பேரில் ஒருவரும் சித்தியடையவில்லை.

சபை விளக்கம் கேட்டது. பிள்ளைகள் பாடம் படிக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், விஷயம் முடிந்திருக்கும். தாங்கள் இரண்டு பக்கம் எழுதினீர்கள். பிள்ளைகள் தமிழைச் சரியாகத்தான் வாசித்தார்கள், சொல்தான் பிழை, சொல் என்னுடையது என்று எழுதினீர்கள். மீள்பரீட்சை கிடைத்தது. பன்னிரண்டு பேர் சித்தியடைந்தார்கள். இரண்டு பேர் அதற்குள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. பட்டியலின் புதிய பதிப்பில் ‘நிறச்சீராக்கம்’ என்ற சொல் வந்தது. தொகுத்தவர் என்ற இடத்தில் தங்கள் பெயர் வரவில்லை. தலைமைப் போதனாசிரியர் பதவியும் வரவில்லை. இன்று வந்த பெரியவர்கள் எவரும் இதைப் பேசவில்லை. நாங்கள் பேசுகிறோம்.

‘நிறத்தரம் பிரித்தல்’ என்ற அந்தப் பழைய சொல் முடிவான வெள்ளிக்கிழமை எனக்கு மறக்காது. மழை. அழகுமுத்து, “டீச்சர், நாலரை பஸ் போயிரும், இதையே வச்சிக்கிருவோம்” என்றார். பைஸர் தலையாட்டினார். தாங்கள் மட்டும் பேனாவை மூடாமல் என் பக்கம் திரும்பினீர்கள். “பூரணி, நான் வெளியில இருந்து வந்தனான். நீர் இஞ்ச வளந்த பிள்ளை. உமக்கு இந்தச் சொல் சரியாப் படுதோ?”

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவர். தரம் பிரிப்பது என்றால் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அந்த நொடியே தோன்றியது. சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கும். எனக்கு அலுத்துப் போயிருந்தது. “சரியா இருக்கு டீச்சர்” என்றேன்.

சபையின் கடிதத்தில் கடைசிக் கேள்வி, இச்சொல்லை ஆக்கும்போது உள்ளூரார் எவரிடமேனும் கலந்துரையாடினீர்களா என்பது. தாங்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பதிலைத் தட்டச்சுச் செய்தவள் நான். “இல்லை எண்டு போடும்” என்றீர்கள். போட்டேன்.

நேற்று நாங்கள் மூவரும் கையெழுத்திட்டு, உண்மையை நடந்தது நடந்தபடியே சபைக்கு எழுதி அனுப்பிவிட்டோம். தொகுத்தவர் பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம். அதன் பிரதியும் இம்மடலோடு ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. தங்கள் வீட்டுச் சுவரில் இரண்டும் சேர்ந்தே தொங்கட்டும்.

சொல்லுக்காகச் சோர்ந்தவரே! இனி வெள்ளிக்கிழமைகளில் பகலிலேயே தூங்குங்கள். மூச்சு இளைக்காமல், முழங்கால் நோகாமல், பேரப்பிள்ளைகளின் பேச்சைத் திருத்திக்கொண்டு நூறாண்டு இருங்கள். மன்னிப்பு மட்டும் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் தாங்கள் உடனே தந்துவிடுவீர்கள்.

தங்கள் அன்புக்குரிய,
பூரணி
அழகுமுத்து
பைஸர்
ஹட்டன்