வற்றிய கடல், ஆறாவது இடம்

பப்பில் வாசிக்கிறவனுக்கு முதல் வேலை, ஆம்ப்ளிஃபயரின் உறுமலை அடக்குவது. சவுத்எண்ட் பப்களில் இருப்பதெல்லாம் யுத்த காலத்து வயரிங். பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டால் உறுமல் நின்றுவிடும். ஆபத்துதான், ஆனால் எல்லா பேண்டும் இதைத்தான் செய்கிறது, சார்ஜென்ட். பாடுகிறவன் கிதாரைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதட்டை வைத்தால் சுருக்கென்று அடிக்கும். அதற்காக மைக்குக்கு ஒரு பஞ்சு உறை மாட்டுவோம். எங்கள் 'காக்கிள் ரோ' பேண்டில் பிளக், வயர், பஞ்சு எல்லாம் என் பொறுப்பு.

பாட்டும் என்னுடையதுதான். 'வற்றிய கடல்' நான் எழுதியது. அதைத் தூக்கி நிறுத்துகிற கிதாரும் நான் வாசித்தது. நெவில் டெய்ன்ஸ் பாடினான். பாடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. தொண்டை கிழியக் கத்துவான், பெண்கள் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். ரெக்கார்ட் வெளிவந்தபோது உறையில் அவன் முகம் மட்டும் இருந்தது. நாலு பேரை நிற்கவைத்துப் படமெடுத்து மூன்று பேரை வெட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரேடியோவில் அந்த வார ரெக்கார்ட் விற்பனைப் பட்டியல் வாசித்தார்கள். எங்கள் பாட்டுக்கு முப்பத்தொன்பதாவது இடம். டிரம்மர் ஆல்பி கண் கலங்கிவிட்டான். லண்டன் ரெக்கார்ட் கம்பெனி தன்னை மட்டும் கூப்பிட்டிருக்கிறது, சனிக்கிழமை கச்சேரியோடு சரி என்று நெவில் அப்போதுதான் சொன்னான். பாட்டு என்னுடையதாயிற்றே என்றேன்.

"எவன் எழுதுனான்னு எவன்யா கேக்குறான், லென்? சனங்க காசு குடுக்கிறது என் மூஞ்சிக்கு. உன் எடத்துல ஒரு கோட் ஸ்டாண்ட நிறுத்தி கிதார மாட்டுனாலும் இந்தப் பாட்டு ஏறும்."

அவனை எனக்கு அதற்கு முன்பே பிடிக்காது. அதை மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை நான் சீக்கிரமே போனேன். நெவிலும் பேருக்கு ஒரு கிதாரை மாட்டிக்கொண்டுதான் பாடுவான்; அவன் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் ஏற்கெனவே கிடையாது. அவன் கிதார்க் கம்பியில் முழு மின்சாரமும் ஏறும்படி உள்ளே இன்னொரு வயரை இடம் மாற்றினேன். உங்கள் ஆட்கள் அதைக் கவனிக்கவே இல்லை. பப் பேண்டுகளுக்கு இப்படித்தான் நடக்கும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

"மைக்குப் பஞ்சு எங்கடா?" என்றான் ஆல்பி.

"பீர் நாத்தம் அடிச்சுது. தொவச்சுப் போட்டிருக்கேன்."

உண்மையிலேயே துவைத்துத்தான் போட்டிருந்தேன்.

நெவில் நன்றாகக் குடித்துவிட்டு வியர்வையோடு மேடை ஏறினான். மைக்கை முத்தமிட்டுப் பாட்டைத் தொடங்குவது அவன் பழக்கம். அவன் துள்ளியதை வித்தை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மெயின் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கிதார்ப் பகுதியை வாசித்து முடித்தேன். பிறகு அணைத்தேன்.

அவனைப் புதைத்த பிறகு வந்த பட்டியலில் ஆறாவது இடம். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அவன் செத்ததால்தான் பாட்டு ஏறியது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். ஆல்பியும் அதையே சொல்கிறான். என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் நானே நடந்து வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நெவில் டெய்ன்ஸைக் கொன்றது நான். பாட்டு ஏறியது என் கிதாருக்காக. அவன் சாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொன்றவன் சொல்கிறேன், எனக்குத் தெரியாதா?