வானத்தைக் காட்டினாலும் கத்தும் கருவி

"கத்துது பாய்! மண்ணக் காட்டுனா கத்துது, செவுத்தக் காட்டுனா கத்துது. நேத்து வானத்தப் பாத்துப் புடிச்சோம்... அதுக்கும் கத்துது! ஏன், மேகத்துக்குள்ள யாராச்சும் இரும்பப் பொதச்சு வச்சிருக்காங்களா?"

சிராங்கூன் சாலையில் அப்துல் கஃபாரின் ரேடியோ பழுதுக் கடைக்குள் பிலோமினம்மாள் முழுசாக நுழையவில்லை. அவள் பேச்சு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. மேசைமேல் அவள் கிடத்தியது, சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கண்ணிவெடி தேடிய கருவி. நீளக் கம்பு, அதன் அடியில் வட்டத் தட்டு, ஒரு பெட்டி, காதில் மாட்ட ஹெட்போன். தட்டுக்குப் பக்கத்தில் உலோகம் வந்தால் ஹெட்போன் கூவும். கஃபார் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

"எங்க வீட்டுக்காரரு சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில வாங்குனது. மீன் வாங்கப் போன மனுசன்! மீன் எங்கன்னு கேட்டா, இது புதையல் எடுக்கும்ங்கிறாரு. எடுத்துச்சு லா... ஆறு சோடா மூடி, ஒரு சைக்கிள் மணி. அந்த மணியத் தொடச்சுத் தொடச்சு அலமாரியில வச்சிருக்காரு, கப்பல் வாங்குன மாதிரி.

"சரி, வாங்குனா வச்சுக்கத் தெரியணும்ல? பேட்டரியப் பெட்டிக்குள்ளயே விட்டாரு. ஒழுகிப் பச்சை பூத்துப்போச்சு. வினிகர் தொட்டுத் தொடச்சது யாரு? நான். உப்புத்தண்ணி பட்ட கம்ப அப்படியே கதவோரம் சாத்திருவாரு. ஈரத்துணியால தொடச்சு நெழல்ல காய வச்சது யாரு? அதுவும் நான். வயரு முறுக்கிக்கக் கூடாதுன்னு வட்டமாச் சுத்தி வக்கிறது... மூணு புள்ளைங்கள வளத்தப்பகூட நான் இவ்ளோ பாக்கல பாய்! தட்டுல மண்ணு ஏறுமேன்னு ஒறையும் தச்சுப் போட்ருக்கேன். ரெட்டைத் துணி, ரெட்டைத் தையல். பாருங்க, பாருங்க."

கஃபார் ஹெட்போனை மேசைமேல் வைத்து விசையைத் தட்டினார். கூ... என்று அது ஊரைக் கூட்டியது.

"கேக்குதா? ஒரு வாரமா இதான் எங்க வீட்டுப் பாட்டு. சிரிக்காதீங்க பாய். தொலஞ்சது சோடா மூடியில்ல..." அவள் குரல் தாழ்ந்தது. "எம் மருமக பிரிஜட்டோட தாலி. போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பொங்கோல் கடக்கரைக்குப் போனோம். சங்கிலி அறுந்து மணல்ல விழுந்திருச்சு. அந்தப் புள்ள மஞ்சக்கயித்தக் கட்டி ரவிக்கைக்குள்ள செருகிக்கிட்டு நடமாடுது. சோறு எறங்கல. நாளைக்கு அவங்கம்மா பினாங்குலேருந்து வர்றாங்க. எந்தத் தாய் மக மூஞ்சியப் பாப்பா? கழுத்தத்தான் பாப்பா!

"இவரு லீவு போட்டு ஆறு நாளாத் தோண்டுறாரு. இது எல்லா எடத்துலயும் கத்துனா அவரு எங்கன்னு தோண்டுவாரு? எல்லா எடத்துலயும் தோண்டுறாரு! கடக்கரையே அம்மை போட்ட மொகமாட்டம் கெடக்கு. கை ரெண்டும் கொப்புளம். 'ஒழுங்கா வச்சிருந்தா இது ஏங்க கத்துது'ன்னு தெனமும் கேக்குறேன். வாயத் தொறக்கல. தப்புப் பண்ணுனவங்க எப்படித் தொறப்பாங்க? மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு பாய். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் ஒறையத் தச்சுப் போட்டேன், திங்கக்கெழம காலையிலேருந்து கத்துது..."

கஃபாரின் திருப்புளி நின்றது. அவர் கண் தட்டின் மேல் போய் நிலைத்தது.

"ஏன் ஒறையவே பாக்குறீங்க? துணி பாய், துணி! துணி கத்துமா? ஐயோ, கழட்டாதீங்க, அதுல..."

உறை கழன்றது. ஹெட்போன் அடங்கிவிட்டது. உறையைத் தட்டின் பக்கம் கொண்டுபோனார், கூ என்றது. விலக்கினார், மூச்சில்லை. பிறகு அவர் தையலைத் தானே பிரிக்காமல், கத்தரிக்கோலை அவளிடமே நீட்டினார்.

நாலு தையல் பிரிந்ததும் காசளவு உலோகச் சுரூபம் ஒன்று மேசையில் விழுந்தது. கையில் குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோனியார். கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக பிலோமினம்மாள் வாய் மூடி நின்றாள்.

"தொலஞ்சதத் தேடிக் குடுக்குற புனிதராச்சே பாய்... தேடுற தட்டுலயே அவரு இருந்தா நல்லதுன்னு... மந்திரிச்ச சுரூபம்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு நாளா அவரு 'நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு கத்திக்கிட்டே இருந்திருக்காரு. நான் வீட்டுக்காரரத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

சுரூபத்தை எடுத்து உதட்டில் வைத்து முத்திசெய்து, கஃபார் பக்கம் நகர்த்தினாள்.

"இவரு ரெண்டு நாளு உங்க இழுப்பறையில இருக்கட்டும். கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனா மறுபடியும் பேசுவாரு. நாலு மணிக்குத் தண்ணி வத்திரும். அந்த மனுசன் இப்பவே மம்பட்டியோட அங்க நிப்பாரு."

பெட்டியைப் பையில் போட்டு, கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு வந்து கேட்டா, உள்ள ஏதோ வால்வு போயிருந்துச்சுன்னு... வேணாம், வேணாம். நாளைக்குப் பூசையில நன்மை வாங்கணும், பொய் சொல்லக் கூடாது. நீங்க எப்பவும்போலப் பேசாம இருங்க. நானே அவர்ட்டச் சொல்லிர்றேன்."

ஒரு படி இறங்கினாள்.

"தாலி கெடச்சதுக்கப்புறம்."