நமத்துப்போன மருந்து

நம்ம ஊர்ல பொரிச்ச அப்பளம் சாயங்காலம் வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கும். இந்த அந்தமான் மழையில வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள நமத்துப்போயிடும். நீங்களும் மெயின்லேண்ட்லேர்ந்து வந்தவர்தானே இன்ஸ்பெக்டர் சார், தெரிஞ்சிருக்கும்.

முகமூடி மருந்தும் அப்படித்தான். சௌல்தாரி கிராமத்துக்கு மேல, யுத்தத்தப்போ ஜப்பான்காரன் தோண்டி விட்டுட்டுப் போன சுரங்கத்தை எங்க கான்ட்ராக்டர் கிடங்கா மாத்திட்டிருந்தார். உள்ளே ஊறுற தண்ணியை இறைக்கிற பெட்ரோல் என்ஜினும் உள்ளேயேதான் ஓடும். அந்தப் புகையில வாசனையே இல்லாத விஷவாயு ஒண்ணு உண்டு. அதுக்காகப் போடுற முகமூடியில மாட்டுற டப்பாவுல மாங்கனீஸ் ஆக்சைடும் தாமிர ஆக்சைடும் கலந்த கறுப்புக் குருணை இருக்கும். அது அந்த விஷத்தைக் கரியமில வாயுவா மாத்திடும். மாத்தும்போது சூடாகும். மூச்சு சுட்டா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஈரம் பட்டா அதுக்கு உயிர் போயிடும், அதனாலதான் சீல் வெச்சு வரும். டப்பா மேல இங்கிலீஷ்ல போட்டிருக்கிறதைப் படிச்சவன் ஸ்டோர் கீப்பர் நான் ஒருத்தன்தான்.

என்ஜின் பார்க்கிற கண்ணையாவுக்கு அந்தச் சூடு பிடிக்கலை. "கியா பாபு, ஸ்டோர்ல அடுப்பா வெச்சிருக்கீங்க?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னியிலேர்ந்து நான் அடுப்பு பாபு. அவன் பெஞ்சாதி பூங்கோதைதான் கேம்ப்ல சமையல். அவளும் சோறு போடுறப்ப, "அடுப்பு பாபு, இன்னும் கொஞ்சம் குழம்பு?"ன்னு கேட்டா. பத்திக்கிட்டு வந்துச்சு சார். சூடு எதுக்குன்னு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணலை.

ரெண்டு டப்பாவோட சீலைப் பிரிச்சு ஜன்னல்ல வெச்சேன். ஒண்ணு சரியா நமத்துப்போகலைன்னா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான். மழை விடாம பெஞ்சுது. அப்புறம் சுத்தமா துடைச்சு, "புதுசு வந்திருக்கு, சுடாது"ன்னு ஒண்ணை அவன்கிட்ட கொடுத்தேன்.

சுரங்கத்துக்குள்ளே போய் குரல் கொடுத்தான். "அச்சா பாபு! ஜில்லுனு வருது. இனிமே உங்களை அடுப்புன்னு சொல்லவே மாட்டேன்."

அப்பவே கூப்பிட்டிருந்தா வெளியே வந்திருப்பான். "சரி சரி, வேலையைப் பாரு"ன்னேன்.

அவன் வரலை. பூங்கோதையோட தம்பி பக்கிரிசாமி எட்டிப் பார்த்துட்டு என்கிட்ட ஓடிவந்தான். நல்ல பையன். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, வாய் நிறைய சார்னுதான் சொல்லுவான். "சார், மாமா மூச்சு பேச்சில்லாம கிடக்காரு, சீக்கிரம் முகமூடி கொடுங்க"ன்னு அழுதான். பக்கத்துல பெட்டியில சீல் உடைக்காத டப்பா இருந்துச்சு. நான் ஜன்னல்ல இருந்த அந்த ரெண்டாவதை எடுத்து மாட்டிவிட்டேன். அவசரத்துல அவனால கட்ட முடியலை, பாவம். வாரை நானே இறுக்கிக் கட்டினேன்.

ஏன்னு கேக்குறீங்க. கண்ணையா மேல கோபம் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். பக்கிரிசாமி மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது சார். பிரிச்ச டப்பா ஒண்ணு இருக்கும்போது புதுசைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.