போர்வையின் மறுமுனை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. துணி துவைக்கிற கதைதான், பயப்பட ஒன்றுமில்லை. ஈரப் போர்வையை ஒற்றை ஆளாய்ப் பிழிய முடியாது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் நான் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். நெகட்டிவில் அம்மைத் தழும்பை மறைப்பேன், மாறுகண்ணை நேராக்குவேன். என் கைபட்டால் கழுதையும் கல்யாண மாப்பிள்ளை ஆகிவிடும் என்பார் முதலாளி.

ஒருநாள் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டு நெகட்டிவ் வந்தது. எல்லாம் தலையில் அடிபட்டுப் பேர் ஊர் மறந்துபோன சிப்பாய்கள். முகம் மழிக்கிறார்கள், கிழங்கு உரிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். படம் போட்டு ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டச் சொன்னார்கள். "இது எங்க வீட்டு ஆளு" என்று யாராவது கைகாட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கைகாட்ட ஆளில்லாதவன், காயம் ஆறியதும் மறுபடி போர்முனைக்குப் போவான்.

ஒன்றில் இரண்டு பேர் போர்வை பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என் தங்கை புருஷன்.

போர்முனையில் காணாமல் போனவர் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தங்கை என்னிடம் திரும்பி வந்திருந்தாள். தாயில்லாப் பிள்ளை, நான் தலைவாரி வளர்த்தவள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடித்ததில்லை, கைநீட்டியதில்லை. என்ன, அவளை வெகுதூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போதுதான் அவள் அழுகை குறைந்து, என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

நெகட்டிவைச் சுரண்டினால் படத்தில் கறுப்பு விழும். அவருக்குப் பின்னால் ஒரு புதர். அவரைச் சுரண்டி அதன் நிழலோடு நிழலாக்கிவிட்டேன். சுத்தமான வேலை.

தங்கை தினமும் அந்தக் கண்ணாடி முன் வந்து நிற்பாள். அன்று நகரவே இல்லை.

"அக்கா, அந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்கா?"

"எந்தப் பக்கம்டி?"

"போர்வை முறுக்கி விறைப்பா நிக்குதே. ஒருத்தன் தனியா எப்படிப் பிழிவான்?"

"புதர்ல கட்டிவெச்சிருப்பான், சோம்பேறிப் பய."

"புதர் இப்படி முறுக்குமா?" என்றவள், கறுத்துப்போன என் நகக்கண்களைப் பார்த்தாள்.

படங்களைக் கழற்ற வந்த அதிகாரி நல்ல மனுஷர். "வேற யாராச்சும் அடையாளம் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

அப்போதுகூடத் தங்கை புருஷன் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். மிஞ்சியவர்களை அதற்கப்புறம்தான் போர்முனைக்கு ரயிலேற்றினார்கள். அந்த ரயிலில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அனுப்பியது ராணுவம். நான் ஒரு படத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

அன்று முதல் நானும் அவளும்தான் போர்வை பிழிகிறோம். அவள் ஒரு முனை, நான் மறுமுனை. முறுக்கும்போது என் கைகளையே பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்கும்படி என்ன குறை வைத்தேன்? முதலாளியிடம் கேட்டு வாங்கிய அந்தப் படத்தை மட்டும் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். பழைய போர்ப் படங்கள் சேர்க்க வந்த நீங்களும் அதைப் பார்த்துவிட்டு, அவள் கேட்டதையே கேட்டீர்கள். அதனால் சொன்னேன்.

கொல்லையில்தான் இருக்கிறாள். சொல்வதானால் சொல்லுங்கள். இன்றைக்கு ஊறவைத்த போர்வையைப் பிழிந்து முடித்த பிறகு சொன்னால் போதும்.

உங்கள் வீடு ஆள் குறையாமல் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் என்னைப் போல ஒரு அக்கா அமையட்டும்.