வெள்ளத்தாயி நடந்த கரை

கம்மாய்க்குக் கல்மடை வைக்காத காலம். கரை வெறும் மண்ணாக் கிடந்த காலம். அந்தக் காலத்துல இந்த ஆவாரங்குளத்துல வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஆடு மேய்க்கிற குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ.

அவ மாமனார் பேரு கருத்தாண்டி. சூடு போடுறதுல கைராசிக்காரர். மாடு படுத்துக்கிட்டா அவரைத்தான் கூப்பிடுவாங்களாம். இரும்புக் கோலைப் பழுக்கக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுப்பார், மாடு எந்திரிச்சு நிக்குமாம். பச்சைப்பிள்ளை விடாம அழுதாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்களாம். அதே கோல். பிள்ளைக்குன்னா நுனி மட்டும், தொப்புளைச் சுத்தி. மனுசன்கிட்டக் கெட்ட எண்ணம் ஒண்ணும் கிடையாது. நல்லது செய்யிறோம்னு நம்பித்தான் செஞ்சார்.

வெள்ளத்தாயிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்துச்சு. பொழுது சாயுற நேரமானா அழும். ரெண்டு காலையும் வயித்தோட மடக்கிக்கிட்டு, முகம் சிவக்க, மூச்சடைக்க அழும். வசம்பைச் சுட்டு உரசி ஊத்துனாங்க. ஓமத்தண்ணி குடுத்தாங்க. வெத்தலையில விளக்கெண்ணெய் தடவி, வாட்டி வயித்துல போட்டாங்க. நிக்கல. கருத்தாண்டி கோலை அடுப்புல சொருகினார். "எந்தாயில்ல, கொஞ்சம் பொறுத்துக்க"ன்னு பேத்திகிட்டச் சொல்லிக்கிட்டே போட்டாராம்.

சூடு பட்ட இடம் சீழ் வச்சது. பிள்ளை போயிருச்சு.

வெள்ளத்தாயி அழலையாம். தண்ணி எடுத்தாளாம், சாணி அள்ளுனாளாம், ஆடு பத்துனாளாம். ஊர்ப் பொம்பளைங்க வந்து கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வச்சாங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, "ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்"னு எந்திரிச்சுப் போனாளாம். "கல்லுடி இவ"ன்னு சொன்னாங்க. அதுவும் அவ காதுல விழுந்துச்சு. விழுந்து எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

மறுவருசம் கருத்தாண்டி மக சடைச்சி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தா. ஆம்பளைப்பிள்ளை. அதுவும் அழுதுச்சு. அதே பொழுது சாயுற நேரம். அதே மாதிரி காலை மடக்கிக்கிட்டு.

வெள்ளத்தாயி ஆட்டுக்கொட்டத்துல ஆடு திங்க வேப்பங்குழை கட்டிக்கிட்டு இருந்தாளாம். திரும்பிக்கூடப் பாக்கலைன்னு சொல்வாங்க. உள்ள வசம்பாச்சு, ஓமமாச்சு, வெத்தலையாச்சு. நிக்கல. கருத்தாண்டி கோலை எடுத்து அடுப்புல சொருகினார்.

இரும்பு விறகுல உரசுற சத்தம் கேட்டுச்சு.

வெள்ளத்தாயி குழையைக் கீழ போட்டா. உள்ள வந்தா. சடைச்சி மடியில கிடந்த பிள்ளையை எடுத்தா. தன் இடது கை மேல குப்புறப் போட்டா. தலை முழங்கை மடிப்புல, காலு ரெண்டும் கைக்கு ரெண்டு பக்கமும் தொங்க, வயிறு கையில அமுங்கி இருக்க. மத்தக் கையால முதுகைத் தடவிக்கிட்டே வெளிய நடந்தா. ஆட்டுக்குட்டி வயிறு உப்பிக் கத்துனா, ஆட்டுக்கிடையில அப்படித்தான் தூக்கிக்கிட்டு நடப்பாங்க.

சடைச்சி பதறி ஓடியாந்தா. "என்ன மதினி இது? எம்பிள்ளை என்ன ஆட்டுக்குட்டியா?"

"மாட்டுக்குப் போடுற சூட்டைப் பிள்ளைக்குப் போடலாம். குட்டியத் தூக்குற மாதிரி தூக்கக் கூடாதா?"

பிள்ளை போனதுக்கப்புறம் அவ பேசின நீளமான பேச்சு அதுதானாம். கோபமாச் சொல்லலையாம். குழம்புல உப்பு இல்லைங்கிற மாதிரி சொன்னாளாம்.

நேரா கம்மாய்க்கரை ஏறிட்டா. பின்னாலயே சடைச்சி. அவளுக்குப் பின்னால, கையில பழுத்த கோலோட கருத்தாண்டி.

"தாயி, கோல் சிவந்துருச்சு. பிள்ளையக் கொண்டா."

"நடந்துட்டு வாரேன் மாமா."

அவர் எட்டி நடந்து கிட்ட வர்றதுக்குள்ள கோல் ஆறிக் கறுத்துப் போச்சு. திரும்பி வீட்டுக்குப் போய்க் காய்ச்சி எடுத்துட்டு வந்தா, அவ கரையோட அந்தக் கடைசியில நிக்கிறா. அங்க போறதுக்குள்ள மறுபடியும் கறுத்துப் போச்சு. கரைக்குக் கீழ குளிச்சுக்கிட்டு இருந்தவங்க சும்மா இருப்பாங்களா?

"என்ன மாமா, கோலுக்குக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீகளா?"

"போங்கடா, போக்கத்த பயலுகளா!"

பிள்ளை அழுகையை நிறுத்தல. சடைச்சிக்குத் தாங்கல. "மதினி, தொண்டை கட்டிருச்சு மதினி. குடுத்துருங்க. அப்பா போட்டுரட்டும்."

"அந்த மருதமரம் வரைக்கும் போயிட்டு வாரேன்."

மருதமரம் வந்துச்சு. அழுகை நிக்கல. "திரும்ப அந்த முனை வரைக்கும்"னா. நடந்தா. மருதமரத்துக்கும் கரைமுனைக்கும், கரைமுனைக்கும் மருதமரத்துக்கும்.

கருத்தாண்டி பார்த்தார். ஒரு சட்டியில நெருப்பை அள்ளிக் கரைக்கே கொண்டாந்துட்டார். கரை நடுவுல சட்டியை வச்சு, கோலை அதுல சொருகி, உக்காந்துட்டார். கரையோ ஒத்தையடி அகலம். அவரைத் தாண்டாம அவ போக முடியாது.

அவ வந்தா. நடையை வேகமாக்கவும் இல்ல, குறைக்கவும் இல்ல. கருத்தாண்டி எந்திரிச்சார். கோல் செக்கச்செவேல்னு இருக்கு. சடைச்சி முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா.

அப்பத்தான், அவரை ஒட்டி வந்து நின்னப்பத்தான், பிள்ளை டர்ர்ர்ருன்னு ஒண்ணு விட்டுச்சு பாருங்க! கம்மாய்க்கு அக்கரையில துணி துவைச்சவங்களுக்கே கேட்டுச்சாம். கீழ நின்ன பயலுக ஓன்னு சிரிச்சாங்க. பின்னாடியே இன்னொண்ணு. சடைச்சி அழுதுக்கிட்டே சிரிக்கிறா. பிள்ளை மடக்குன காலைத் தளர விட்டுச்சு. எச்சில் வடிய அவ கையிலயே கண்ணசந்துருச்சு.

வெள்ளத்தாயி சிரிக்கலையாம்.

கருத்தாண்டியும் சிரிக்கல. தூங்குற பிள்ளையோட வயித்தைப் பார்த்தார். கையில இருந்த கோலைப் பார்த்தார்.

"தாயி, அப்ப... நம்ம பிள்ளைக்கும் இது..."

"ஆமா மாமா. எனக்கும் அன்னைக்குத் தோணலை."

அவ்வளவுதான். பிள்ளையைச் சடைச்சி கையில குடுத்துட்டு, குழை கட்டப் போயிட்டா. பிறகாவது அழுதாளான்னு கேக்காதீங்க. யாரும் பார்த்ததாச் சொல்லல.

கருத்தாண்டி அங்கேயே நின்னாராம். நெருப்பைத் தண்ணியில கவுத்தார். கோலை நின்ன இடத்துலயே கைப்பிடி மட்டும் தெரியிற அளவுக்குக் கரையில குத்தி இறக்கினார். அதுக்கப்புறம் மாட்டுக்குக்கூட அவர் சூடு போடலையாம்.

அந்தக் கோல் துருப்பிடிச்சு உதிர்ந்த இடத்துலதான் கரையில நிக்கிற இந்தக் கல்லை நட்டிருக்கு. அந்த ஆம்பளைப்பிள்ளை வழியில வந்ததுதான் இங்க பாதி ஊர். வெள்ளத்தாயிக்கு அதுக்கப்புறம் பிள்ளையே பிறக்கல. ஆனா பொங்கலுக்கு முன்னோர் பேர் சொல்லிப் படைக்கிறப்ப, முதல் இலை அவளுக்குத்தான். வயித்தை முறுக்கி அழுகிற பிள்ளையை இன்னைக்கும் இந்தக் கரையிலதான் குப்புறப் போட்டு நடக்கிறாங்க. காத்துப் பிரிஞ்சதும் கூட வந்தவங்க சிரிக்கலாம், கைகூடத் தட்டலாம். தூக்கிக்கிட்டு நடக்கிறவங்க மட்டும் சிரிக்கிறதில்ல. பிள்ளையைத் தாய் கையில குடுத்துட்டு, இந்தக் கல்லு மேல கொஞ்ச நேரம் உள்ளங்கையை வச்சுப் பார்ப்பாங்க. சூடு ஆறியிருக்கான்னு.